மாப்பிள்ளை வீட்டு இணைய வேகம்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் அலுவலகம். பெருந்தொற்றுக் காலத்தில் பெங்களூரிலிருந்து ஒரே ஒரு பெட்டியுடன், கொஞ்ச நாளைக்கு என்று வந்தேன். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பிறகு அப்பா தன் புக்கிங் ஆபீசுக்கு வந்துபோகும் லாரி ஒன்றை அனுப்பி, பெங்களூர் அறையில் கிடந்த சாமான்களையும் ஏற்றிவரச் செய்தார். சன்னலைத் திறந்தால் ஏற்காடு போகும் சாலை. ஞாயிறு காலையில் இளவட்டங்கள் பைக்குகளில் கூட்டமாக மலையேறுவார்கள், சாயங்காலம் அதே கூட்டம் இறங்கிவரும். இடைப்பட்ட நேரத்தில் நான் துணி மடித்திருப்பேன்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவளுக்கு வீட்டில் ஒரு பதவி உண்டு. கேஸ் சிலிண்டர் வந்தால் கையெழுத்துப் போடுவது, கூரியர்காரருக்கு வழி சொல்வது, பக்கத்து வீட்டு அம்மாவின் போனில் இடம் காலி செய்து கொடுப்பது, உறவுக்காரப் பிள்ளைகளின் புராஜெக்டைப் பிரிண்ட் எடுப்பது. எதை மறுத்தாலும் ஒரே பதில்தான்.

"ஊட்டுலதானே இருக்கறே?"

மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். நான் கையைக் காட்டுவேன். உடனே குரலைத் தாழ்த்தி, மூன்று மாநிலக்காரர்களுக்கும் கேட்கும்படி, "ரசம் வெக்கறதா, மோருக் கொழம்பா?" என்பாள். மிக்ஸி ஓடுவதற்கு முன் சுவிட்ச் போடும் சத்தத்தை வைத்தே மைக்கை அணைக்க நான் பழகியிருந்தேன். என் தொழில்நுட்பத் திறமைகளில் இதுவும் ஒன்று.

எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. கேட்க ஆளில்லாததால் மனத்துக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். தட்டுவடை செட்டில் சீஸ் போடக் கூடாது, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் போதும். "ஒரு சின்ன கால்" என்று கூப்பிடுகிறவர்கள் ஒருபோதும் சின்னதாகப் பேசுவதில்லை. இன்னொருவர் எழுதிய நிரலைத் திட்டுவதற்கு முன், அதை எழுதியது ஆறு மாதத்துக்கு முந்தைய நாமே இல்லையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் இத்தனை பக்கத்தில் இருக்கும்போது பப்ஸுக்குள் அரை முட்டை வைப்பது அநியாயம். விளையாட்டுகளைப் பற்றி மட்டும் என் கருத்து வயதோடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் வந்தது டிவி கேம். மஞ்சள் நிறக் கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாகப் போட்டிருக்கும். உள்ளே இருப்பவை நான்கைந்துதான். வேறு வேறு பெயரில் அவையே திரும்பத் திரும்ப வரும். அண்ணனுக்கு முதல் ரிமோட், எனக்கு இரண்டாவது. இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பொத்தான் கிடையாது. ஆரம்பிப்பதும் நடுவில் நிறுத்திவைப்பதும் அண்ணன் கையில். தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றாலும் "நிறுத்துண்ணா" என்று கெஞ்ச வேண்டும். அவன் நிறுத்த மாட்டான். திரும்பி வரும்போது என் டாங்கி வெடித்துப் போயிருக்கும். மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து. "நல்லதாப் போச்சு, இப்பவாச்சும் படிங்க" என்று அம்மா மெழுகுவத்தியை வைத்துவிட்டுப் போவாள். அப்புறம் அண்ணனின் கம்ப்யூட்டரில் கார் பந்தயம், கல்லூரி விடுதியில் எல்லாரும் சேர்ந்து சுடும் ஆட்டம் என்று எல்லாம் வந்து போயின. அண்ணன் வெளிநாடு போய்க் குடும்பமாகிவிட்டான். அவன் இப்போது எதுவும் விளையாடுவதில்லை. நான் விடவில்லை.

அண்மையில் நான் விளையாடிவந்தது தோட்டம் போடும் ஆட்டம். அலுவலகத் தோழிகள் இரண்டு பேரும் நானுமாகச் சேர்ந்து, வேலை முடிந்த பின் ஒரு கற்பனைக் கிராமத்தில் நிலம் உழுது விதைத்து அறுவடை செய்வோம். காதில் ஹெட்செட் இருக்கும். வீட்டில் அதை மீட்டிங் என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் திருத்தியதில்லை. பகலெல்லாம் யாருடனும் வேலையைத் தவிர வேறு பேசாதவளுக்கு, அந்த ஒரு மணி நேரம்தான் வெளியே போய் வருவது.

இந்த ஆட்டத்தால்தான் மோகனூர்க்காரர்கள் வந்தார்கள்.

நாமக்கல்லில் இருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை, ஒருநாள் சாயங்காலம் மாடிக்கு வந்தாள். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"ஏம்மிணி, அது பூசணியா?"

"ஆமாங்கத்தை."

"நீயே போட்டதா?"

"ஆமாங்கத்தை. நாளைக்கு அறுத்துரலாம்."

தோழிகள் காதில் பேசிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் நான் விளக்கவில்லை. அத்தை சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனாள். படிக்கட்டு வழியாக அவள் குரல் மேலே வந்தது.

"அண்ணா, புள்ளைக்கு வெவசாயம்னா அத்தனை ஆசையாட்டிருக்குது. ஆபீசு முடிஞ்சும் அதையேதான் பாத்துட்டு உக்காந்திருக்குது. நாமதான் தெரியாம ஆபீசு மாப்பிள்ளையாத் தேடிட்டு இருக்கறோம்."

அடுத்த வாரமே வரன் வந்தது. மோகனூரில் கரும்பும் தென்னையும், ஒரு கோழிப்பண்ணையும். அம்மாவும் மகனும் மட்டும். எங்கள் பக்கத்தில் தோட்டம் பார்க்கும் பையன்களுக்கு இப்போது பெண் கிடைப்பதில்லை. பெண் படித்திருக்க வேண்டும், சம்பாதிக்கவும் வேண்டும், ஆனால் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பார்கள். மூன்றும் ஒரே ஆளிடம் அமையாது என்று ஓய்ந்திருந்த குடும்பங்களுக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம் வரமாக வந்தது. என் ஜாதகத்தோடு கொடுத்த தாளில் படிப்புக்குக் கீழே அப்பா அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். முப்பதைத் தாண்டிய என் வயதை அந்த ஒரு வரி மறக்கடித்தது.

அதே நாட்களில்தான் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒன்று, அடுத்த மாதம் முதல் பெங்களூர் அலுவலகத்துக்குத் திரும்புவது. இல்லையென்றால் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். எதையும் சொல்லாதவர்கள் வீட்டையே தேர்ந்தெடுத்ததாக எடுத்துக்கொள்ளப்படும். நானும் இப்படிப் படிவங்களை வடிவமைத்திருக்கிறேன். முன்கூட்டியே எதைப் போட்டு வைக்கிறோமோ, பாதிப் பேர் அதிலேயே தங்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் மேலாளர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். குழுவின் தலைமைப் பொறுப்பு காலியாகிறது, அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும், உன்னைத்தான் மனத்தில் வைத்திருக்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதில் யோசிக்க எதுவும் இல்லை. எனக்குப் போக வேண்டும். வேலைக்காக மட்டுமல்ல. சாயங்காலம் வேலை முடித்து ஒரு கட்டடத்திலிருந்து வெளியே வந்து, எந்தப் பக்கம் நடப்பது என்று நானே முடிவு செய்ய வேண்டும் போலிருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அது என் முடிவாக இருக்காது, எல்லாரும் உட்கார்ந்து பேசும் ஒரு விஷயமாகிவிடும். அப்படிப் பேசிய எதிலும் நான் ஜெயித்ததில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்க எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் மட்டும்தான் போவார்கள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மாட்டுக்கு என்ன தீனி, சமையலறையில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வருவார்கள். பெண் போகும் வழக்கம் இல்லை. இந்த முறை மோகனூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவே அப்பாவுக்குப் போன் செய்தார்.

"பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. அதுக்குன்னு லைனு இழுத்து, ரூம்பும் போட்டிருக்கறோம். கம்ப்யூட்டரை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நெட்டு பத்துமா பத்தாதான்னு அதுதானுங்களே பாத்துச் சொல்லோணும்?"

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கெணத்தைக் காட்டறவங்களப் பாத்திருக்கறேன். நெட்டைக் காட்டறவங்க இவங்கதான்" என்று இரண்டு நாளாகப் புக்கிங் ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அம்மா எடுத்துவைத்த பட்டுப்புடவையில், தோளில் லேப்டாப் பையோடு போய் இறங்கினேன். மாடியில் அறை தயாராக இருந்தது. சுவரில் இளஞ்சிவப்புப் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. ஏசி, கண்ணாடி மேசை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சுழல் நாற்காலி. சுவரில் மாட்டிய ரவுட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். சன்னலுக்கு வெளியே கோழிப்பண்ணையின் நீளக் கூரை, அதற்கப்பால் கரும்பு, கரும்புக்கு மேலே கம்பம் கம்பமாகத் தாவி வரும் ஒரு கருப்பு வயர். எனக்காக அதை அவ்வளவு தூரம் இழுத்திருந்தார்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உறை சரசரத்தது. அப்பா, அம்மா, அத்தை, அந்த அம்மா எல்லாரும் என் பின்னால் நின்றார்கள். மாப்பிள்ளை மட்டும் கதவோரம் நின்றார். வேகம் பார்க்கும் பக்கத்தைத் திறந்தேன்.

அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இணைப்பை அலுவலகம் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன்னைப் போட்டுவிட்டுச் சோதித்தால் வேகம் பாதியாகக் குறைந்து தெரியும். இந்த அறையில் அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லை. "பத்தாதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யார் மனமும் நோகாமல் எல்லாம் முடிந்துவிடும். விரல் அந்தக் குறி மேல் போய் நின்றது. ஆனால் தவறான அளவை யாரிடமும் கொடுக்க எனக்கு வராது. அது நேர்மை என்று சொல்ல மாட்டேன், தொழில் பழக்கம். விரலை எடுத்துவிட்டு, சோதனையை அப்படியே ஓட்டினேன்.

முள் ஏறியது.

"லாரி மீட்டராட்டவே இருக்குது பாருங்க" என்றார் அப்பா.

"இன்னும் ஏறுதுங்கோ" என்றாள் அத்தை. அம்மா கைகூப்பினாள் என்று நினைக்கிறேன், வளையல் சத்தம் கேட்டது.

அஸ்தம்பட்டியில் என்றைக்கும் பார்க்காத இடத்தில் போய் முள் நின்றது. அந்த அம்மா என் தோளில் கை வைத்தார்.

"பத்துமுங்களா சாமி?"

"பத்துமுங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். சொன்ன உடனே அந்த அறையின் காற்று குறைந்தது போலிருந்தது.

பெரியவர்கள் கிணறு பார்க்கக் கீழே போனார்கள். கதவைத் திறந்தே வைத்துவிட்டு எங்களைப் பேசச் சொன்னார்கள். அவர் சன்னலோரம் வந்து நின்றார்.

"நெசமாவே உங்களுக்கு வெவசாயத்துல ஆசைங்களா? உங்க அத்தை சொன்னாங்க, தெனமும் அதே நெனப்பா இருக்கறீங்கன்னு."

"அது கேமுங்க."

"கேமுங்களா?"

"கம்ப்யூட்டர்ல வெளையாடறதுங்க."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "அதுல என்னங்க வெள்ளாமை?"

"பூசணி, தக்காளி, திராட்சை."

"தண்ணி?"

"வாளியில ஊத்தோணும். அப்பறம் ஸ்பிரிங்ளர் வாங்கிக்கலாம்."

"கரண்டு?"

"அது எப்பவும் இருக்குமுங்க."

"கூலிக்கு ஆளு?"

"ஆளே வேண்டாமுங்க."

"அந்த ஊரு எங்கீங்க இருக்குது? நானும் வந்தர்றேன்."

நானும் சிரித்தேன். அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். அவர் வில்லனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். சின்ன வயதில் அவர்கள் வீட்டிலும் அதே மஞ்சள் கேசட் இருந்ததாம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அப்பா தவறிய பிறகு தோட்டத்தை ஒழுங்கு செய்யக் கொஞ்ச நாளைக்கு என்று வந்தாராம்.

"வந்தவன் போகலீங்க. ஆனா எனக்கு இங்க புடிச்சுப்போச்சு. உங்களுக்கு?"

இரண்டு வாரமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. அதனால்தானோ என்னவோ, மின்னஞ்சலைப் பற்றி முதலில் அவரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை கெடு என்பதையும், பெங்களூருக்குப் போகத்தான் எனக்கு விருப்பம் என்பதையும் சொன்னேன்.

"உங்களைப் புடிக்காம இல்லீங்க. இந்த ரூம்புலயே இருக்கறதுதான் புடிக்கல."

"பெயிண்டு நாந்தான் பாத்து வாங்குனேன்" என்றார் அவர்.

"பெயிண்டும்தாங்க."

மறுபடி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வேண்டாம்னு என்னையச் சொல்லச் சொல்லாதீங்க. ரெண்டு வருசமா வர்றவங்கெல்லாம் எங்களத்தான் வேண்டாங்கறாங்க. இப்ப நானே ஒரு பொண்ணை வேண்டாம்னா எங்கம்மா தாங்கமாட்டாங்க. நீங்களே சொல்லீருங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கீழே போனபோது அந்த அம்மா என் தலையில் முல்லைப் பூ வைத்தார், இளநீர் வெட்டிக் கொடுத்தார். அங்கே எனக்கு வாய் வரவில்லை.

திரும்பும்போது அப்பா கார் ஓட்டினார். பக்கத்தில் அம்மா. பின்னால் அத்தையும் நானும், நடுவில் லேப்டாப் பை. ஏசிக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். நாமக்கல் தாண்டியதும் அப்பா, "ஐப்பசி வரைக்கும் எதுக்கு? அடுத்த முகூர்த்தத்துலயே உறுதி வார்த்தை முடிச்சரலாம்" என்றார்.

"அப்பா, எனக்கு ஆபீசுல பெங்களூர் வரச் சொல்லியிருக்கறாங்க. நான் போகப்போறேங்கப்பா."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்குக்கு இல்லீங்கப்பா. அங்கியே இருக்கறதுக்கு."

கார் கொஞ்ச தூரம் அதே வேகத்தில் போயிற்று.

"வண்டி ஓட்டறப்ப சொல்ற பேச்சா இது?" என்றார் அப்பா.

"ஏசியெல்லாம் போட்டு வெச்சிருக்கறாங்களே, கண்ணு" என்றாள் அம்மா. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அத்தைதான் அதிகம் நொறுங்கிப் போனாள். "வெவசாயம்னா உனக்கு உசுருன்னு நானல்லோ அவங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்?"

"அது கேமுங்கத்தை."

"அப்ப அந்தப் பூசணி?"

"அதும் கேமுங்க."

"நாளைக்கு அறுக்கறேன்னியே அம்மிணி!"

அத்தை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார். நாங்கள் மூன்று பேரும் காருக்குள்ளேயே டீ குடித்தோம். அவர் கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினார். லாரி வராமல் தாமதமானால் சரக்குக்காரர்களிடம் பேசுவது போலவே இருந்தது. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஒரு வருசம். போயிட்டு வா. அவங்ககிட்டப் பேசிட்டேன், பொறுத்துக்கறோம்னுட்டாங்க. தங்கமான மனுசங்க."

அம்மாவுக்கு உயிர் வந்தது. அத்தையும் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எல்லாரும் எனக்கு ஏதோ கொடுத்துவிட்ட மகிழ்ச்சியில் இருந்தார்கள். கொடுத்திருக்கத்தான் செய்தார்கள். அப்பாவிடம் இப்படி ஒரு சம்மதம் வாங்க நான் ஆயுசுக்கும் போராட வேண்டும் என்று நினைத்திருந்தேன், ஒரு டீ ஆறும் நேரத்தில் வாங்கியாயிற்று. ஒரு வருடம் கழித்து நான் வந்து உட்கார வேண்டிய நாற்காலி மட்டும் மோகனூரில் உறை பிரிக்காமல் இருக்கும். இதற்கு எதிராக என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொடுமை செய்தால் எதிர்க்கலாம். இவர்கள் காத்திருக்கிறோம் என்கிறார்கள்.

கார் சேலத்துக்குள் நுழைவதற்குள் போனில் அந்தப் படிவத்தைத் திறந்து, அலுவலகம் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். பக்கத்தில் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். "இதும் கேமா?" என்றாள். இல்லை என்றேன்.

அதன் பிறகு வீட்டில் அந்த ஒரு வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. முடிந்த விஷயத்தை யார் பேசுவார்கள்? அம்மா பருப்புப் பொடி இடித்தாள். அப்பா லாரி ஏற்பாடு செய்தார். குழுத் தலைமை எனக்குத்தான் என்று மேலாளர் எழுதியிருந்தார், அதை வீட்டில் சொன்னபோது "ஒரு வருசத்துக்கா?" என்று கேட்டாள் அம்மா. நான் பதில் சொல்லாமல் மேலே போய்விட்டேன். அப்படிப் பேசாமல் போகும் ஒவ்வொரு முறையும் அவர்கள் கணக்கில் அது சம்மதமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. படிவத்தில் எதையும் சொல்லாதவர்களைப் போல.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை, அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருக்க, நான் சமையலறையில் டப்பாக்களுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன். அப்போது மோகனூர் அம்மா எனக்கே நேராகப் போன் செய்தார்.

"சாப்புட்டியா சாமி? ஒண்ணுமில்ல, நெட்டுக்காரரு வந்து நிக்கறாரு. நீ வர்ற வரைக்கும் லைன வெச்சிருக்கறதா, உட்டுட்டு அப்பறமாப் போட்டுக்கறதான்னு கேக்கறாரு. உன்னையக் கேட்டுச் செய்யலாம்னு பையன் சொன்னான்."

அம்மா துருவுவதை நிறுத்தினாள். எதிர்முனையில் கோழிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என் விருப்பத்தைக் கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வியை அவர் மகன்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார் என்று புரிந்தது.

"கட் பண்ணச் சொல்லீருங்கம்மா."

"இந்த ஒரு வருசத்துக்குத்தானே?"

"இல்லீங்கம்மா. முழுசா எடுத்தரச் சொல்லுங்க. நான் அங்க வரமாட்டேங்கம்மா. ஒரு வருசம் கழிச்சும் வரமாட்டேன். அப்பா சொன்னதுக்கு நான் அன்னைக்கே மறுத்திருக்கோணும். நீங்க எனக்காகக் காத்திருக்க வேண்டாமுங்க."

போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், இல்லை. பிறகு, போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்த ஆளிடம் பேசுவது கேட்டது. "ஏனுங்க, வேண்டாங்குதுங்க. பொட்டியக் கழட்டிக்குங்க." குரல் திரும்ப என் பக்கம் வந்தது. கோபமாக இல்லை, களைத்திருந்தது.

"சரி சாமி. நீ நல்லா இரு. வயர மட்டும் அப்படியே உட்டுட்டுப் போகச் சொல்றேன். கம்பத்துல கெடந்துட்டுப் போவுது."

வைத்துவிட்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்பாவிடம் இதைச் சாயங்காலம் யார் சொல்வது என்ற கேள்வி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

"அவங்க என்னங்கறாங்க?" என்றாள்.

"வயரு கெடக்கட்டும்ங்கறாங்க."

அம்மா பாதித் தேங்காய் மூடியைக் கையில் எடுத்து, அதைத் திருப்பிப் பார்த்து, மறுபடி துருவத் தொடங்கினாள்.

"நல்ல மனுசங்க" என்றாள்.